பழைய பொருள் பட்டறை பக்கத்தில் வந்தால்: கேமரன் மலைத் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரு விளக்கம்



பழைய பேப்பர், பிளாஸ்டிக், இரும்பு, டயர், பேட்டரி ஆகியவற்றைச் சேர்த்துப் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் தொழிலுக்கு மறுசுழற்சி என்று பெயர். அது நல்ல தொழில். குப்பை மேட்டுக்குப் போக வேண்டிய பொருள் மறுபடியும் பயனுக்கு வருகிறது. "சூரத் கபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் அழைத்துக்கொண்டு வரும் வேன்காரரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவரும் இந்தத் தொழிலில் ஓர் அங்கம்தான்.

ஆனால் அதே தொழில் தவறான இடத்தில் நடந்தாலும், தவறான முறையில் நடந்தாலும் அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்தைக் கெடுக்கும். முதலில் பாதிக்கப்படுபவர்கள் வயதானவர்களும் சிறு பிள்ளைகளும்தான். அப்படி ஒரு பட்டறை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வந்தால் உடம்புக்கு என்ன ஆகும், இடத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது, நீங்கள் எப்போது, யாரிடம், எப்படிப் பேசலாம் என்பதை இந்தச் சிற்றேடு விளக்குகிறது. கண்ணாடி இல்லாமல் படிக்கச் சிரமமாக இருந்தால், வீட்டில் உள்ள இளையவர்களைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஜெஞ்சாரோமில் நடந்தது

இது நம் நாட்டிலேயே நடந்த கதை. 2018-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சீனா, வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளை வாங்குவதை நிறுத்தியது. அதுவரை சீனாவுக்குப் போன கழிவு, கப்பல் கப்பலாக மலேசியாவுக்குத் திரும்பியது. அந்த ஆண்டின் முதல் ஏழு மாதங்களில் மட்டும் சுமார் 7,54,000 டன் பிளாஸ்டிக் கழிவு இங்கே வந்திறங்கியது.

சிலாங்கூரின் கோலா லங்காட் மாவட்டத்தில் ஜெஞ்சாரோம் என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அந்த ஊர் மக்கள் இரவில் பிளாஸ்டிக் எரியும் நெடியால் விழித்துக்கொண்டார்கள். இருமல், மூச்சிறைப்பு, தோலில் அரிப்பு என்று பலர் சொன்னார்கள். நெடி எங்கிருந்து வருகிறது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஊர்க்காரர்களே ஒன்றுசேர்ந்து தேடினார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகைகள், அவற்றுக்குள் பிளாஸ்டிக்கை உருக்கும் இயந்திரங்கள், வெளியே மலைபோல் கழிவு. இடங்களைப் பட்டியலிட்டு அதிகாரிகளிடம் கொடுத்தார்கள்.

அவற்றில் பல ஆலைகளுக்கு உரிமம் இல்லை. பல, விவசாயத்துக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தில் நின்றன. கோலா லங்காட்டில் 30-க்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. வெளிநாடுகளிலிருந்து தவறான வழியில் வந்த கழிவும் திருப்பி அனுப்பப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கணக்குப்படி, 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவு 13 நாடுகளுக்குத் திரும்பிப் போனது.

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணியில் சிக்கல் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே தொழிற்பேட்டைக்கு அருகிலேயே வீடுகள் இருந்தன. தொழிற்பேட்டைக்குள் ஆலை இருப்பது சரிதானே என்று கேட்கலாம். ஆனால் இரவு நெடி, வேலிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. ஒரு நிலத்துக்குத் 'தொழில் நிலம்' என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. அங்கே எந்தத் தொழில், எவ்வளவு தூரத்தில், எந்த நிபந்தனையோடு நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜொகூரில் 2019 மார்ச் மாதம் இன்னும் மோசமானது நடந்தது. பழைய டயர் பதப்படுத்தியதில் வந்த இரசாயனக் கழிவை யாரோ சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டினார்கள். அதிலிருந்து கிளம்பிய நச்சுக்காற்றால் பாசிர் கூடாங் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு பட்டறையின் கழிவு, பட்டறைக்குள் மட்டும் நிற்காது என்பதற்கு இதுவே சாட்சி.

மலையில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

நீங்கள் வாழ்நாள் முழுதும் பார்த்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதிகாலையில் மூடுபனி எங்கே தங்கி நிற்கும்? மேட்டில் அல்ல, பள்ளத்தில், ஆற்றோரத்தில். இரவில் மலைக்காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவு வழியே கீழே இறங்குகிறது. பள்ளத்தில் வந்து தேங்கி, வெயில் ஏறிய பிறகுதான் கலைகிறது.

புகையும் அப்படித்தான். சமவெளியில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடலாம். தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட், ஹாபு, கம்போங் ராஜா போன்ற இடங்களின் பள்ளத்தாக்குகளில், மேலே இரவில் எரித்த பிளாஸ்டிக்கின் புகை கீழே உள்ள வீடுகளின் மேல் விடியும்வரை படிந்து நிற்கக் கூடும்.

தண்ணீரும் அப்படியே. சரிவில் பெய்யும் மழை, மண்ணையும் எண்ணெயையும் இரசாயனத்தையும் அடித்துக்கொண்டு ஓடைக்கு வரும். ஓடை பெர்த்தாம் ஆற்றுக்குப் போகும். பெர்த்தாம் ஆறு ரிங்லெட் ஏரிக்குப் போகும். மேலே ஒருவர் கொட்டியதைக் கீழே உள்ளவர் சுமக்க வேண்டியிருக்கிறது.

உடம்புக்கு என்ன ஆகும்?

பிளாஸ்டிக், ரப்பர், மின்கம்பி உறை ஆகியவை எரியும்போது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்கள் வெளிவருகின்றன. அவை மூக்கில் தங்காமல் நேராக நுரையீரலின் அடிவரை போகும். அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். சில வகைப் பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் போன்ற நச்சுகளும் உண்டாகும்.

கீழ்க்கண்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்:

- ஆஸ்துமா அல்லது நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள்
- இருதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள்
- பல ஆண்டுகள் புகைபிடித்தவர்கள், விறகு அடுப்புப் புகையில் சமைத்தவர்கள்
- 60 வயதைத் தாண்டியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள்

எரிக்காத பட்டறையிலும் ஆபத்து உண்டு. வெளியே குவிந்த டயரிலும் டப்பாவிலும் மழைநீர் தேங்கினால் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். குவியலுக்குள் எலி பெருகினால் எலிச் சிறுநீர் கலந்த நீர் வழியே எலிக்காய்ச்சல் வரலாம். பழைய பேட்டரியை வெறும் தரையில் உடைத்தால் ஈயம் மண்ணில் சேரும்.

புகை நெடி வந்தால் உடனே செய்ய வேண்டியவை:

1. ஜன்னல், கதவுகளை மூடி, புகை வரும் திசைக்கு எதிர்ப்பக்க அறையில் இருங்கள். வெளியே நடைப்பயிற்சி, தோட்ட வேலை வேண்டாம்.
2. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் சொன்னபடி இன்ஹேலரைப் பயன்படுத்துங்கள். அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.
3. துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் நெடி குறைந்ததுபோல் தோன்றும். நுண்துகளை அது தடுக்காது. வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்95 வகை முகக்கவசத்தை முகத்தில் இடைவெளி இல்லாமல் அணியுங்கள். மூச்சுத் திணறினால் கழற்றிவிடுங்கள்.
4. வழக்கமான மருந்துகளை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.
5. இருமல் நீடித்தாலோ, இரவில் மூச்சிறைப்பு வந்தாலோ, அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எப்போது தொடங்கியது, நெடி வந்த நேரத்தில் கூடியதா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது அவருடைய குறிப்பில் பதிவாக வேண்டும்.

நெஞ்சு வலி, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 999-க்கு அழையுங்கள்.

எந்த இடத்தில் எது வரலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

நம் நாட்டில் நிலத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: விவசாயம், கட்டடம், தொழில். எந்த வகை என்பது நிலப் பட்டாவில், அதாவது கிராண்டில், எழுதியிருக்கும். தேயிலைத் தோட்ட நிலம் விவசாய நிலம். அதில் ஒருவர் ஆலை நடத்த வேண்டுமென்றால் வெறுமனே கொட்டகை போட்டுவிட முடியாது. பொதுவாக இவை எல்லாம் வேண்டும்:

- நிலத்தின் வகையையோ நிபந்தனையையோ மாற்ற, நில அலுவலகத்தின் வழியாக மாநில அரசின் ஒப்புதல்
- மாவட்ட மன்றத்தின் திட்டமிடல் அனுமதி. மலாயில் இதைக் 'கெபெனாரான் மெரன்சாங்' என்பார்கள்
- கட்டட வரைபட ஒப்புதலும் தொழில் உரிமமும்
- திடக்கழிவைக் கையாளும் இடமென்றால், 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தின்கீழ் உரிமம். பகாங் மாநிலத்தில் இந்தச் சட்டம் நடப்பில் உள்ளது
- பேட்டரி, பழைய எஞ்சின் எண்ணெய், மின்னணுக் கழிவு போன்ற ஆபத்தான கழிவென்றால், சுற்றுச்சூழல் துறையின் உரிமம்

வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே விட வேண்டிய தூரத்துக்கும் வழிகாட்டி உண்டு. சிறு தொழிலுக்குச் சில பத்து மீட்டர் போதும். கனரகத் தொழிலுக்கு 500 மீட்டர் வேண்டும். ஒரு பட்டறை பிளாஸ்டிக்கைப் பிரித்துக் கட்டுவது வேறு, உருக்குவது வேறு. 'பிரிப்பு மையம்' என்று அனுமதி வாங்கிவிட்டு உள்ளே உருக்கினால், நிபந்தனையை மீறுவதாகும்.

கடிதம் உங்களுக்கு வராமல் போகலாம்

இந்தச் சிற்றேட்டில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத ஓரிடத்தில் யாராவது திட்டமிடல் அனுமதி கேட்டால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நேரில் கூறவும் கேட்கலாம்.

'நில உரிமையாளர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தோட்டத்து வீட்டில் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் அந்த நிலத்தின் கிராண்ட் உங்கள் பெயரில் இல்லை. அதனால் கடிதம் தோட்ட நிர்வாகத்துக்குப் போகும். உங்கள் வீட்டுக்கு வராது. 21 நாள் முடிந்த பிறகுதான் உங்களுக்குச் சேதி தெரியவரலாம்.

இன்னொன்றும் உண்டு. உள்ளூர்த் திட்டம் இருக்கும் மாவட்டங்களில் இந்தக் கடிதம் அனுப்புவது சட்டப்படி கட்டாயமில்லை. உள்ளூர்த் திட்டம் என்பது எந்த இடம் குடியிருப்பு, எது விவசாயம், எது தொழில் என்று காட்டும் வரைபடமும் விதிகளும் ஆகும். மலாயில் 'ரன்சாங்கான் தெம்பத்தான்'. கேமரன் மலைக்கும் அப்படி ஒரு திட்டம் உண்டு. திட்டம் வரைந்து முடித்ததும் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் கொடுப்பார்கள். அங்கே நில உரிமையாளர்தான் பேச வேண்டும் என்பதில்லை. நீங்களும் கருத்துச் சொல்லலாம்.

ஆகவே, நாற்காலி போட்டுக் கடிதத்துக்குக் காத்திருப்பதைவிட, இந்த நான்கு காரியங்களைச் செய்யுங்கள்:

1. மாவட்ட மன்றத்தின் அறிவிப்புப் பலகையையும், உள்ளூர்த் திட்டம் பற்றிய அறிவிப்பையும் அவ்வப்போது பார்த்துவரும்படி ஒரு இளையவரிடம் சொல்லுங்கள்.
2. பக்கத்து நிலத்தில் மண் வெட்டுவது, வேலி போடுவது, கொட்டகை எழுப்புவது தெரிந்தால், மன்றத்துக்குப் போய், "இந்த இடத்துக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஆலை வந்த பிறகு அகற்றுவதைவிட வரும் முன் கேட்பது சுலபம்.
3. தோட்ட நிர்வாகத்திடம், "அண்டை நிலம் பற்றி மன்றத்திலிருந்து ஏதாவது கடிதம் வந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.
4. தனியாகப் போகாதீர்கள். கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கம் ஆகியவற்றோடு சேர்ந்து போங்கள். ஒரே கடிதத்தில் பல கையெழுத்து இருந்தால், யாரும் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்காது.

"பேசினால் வீட்டை விட்டுப் போகச் சொல்வார்களோ" என்ற பயம் சிலருக்கு உண்டு. அந்தப் பயம் புரிகிறது. அப்படியென்றால், உடல்நலம் பற்றிய புகாராக மாவட்ட சுகாதார அலுவலகத்தில் சொல்லுங்கள். உங்கள் பெயரை இரகசியமாக வைக்கும்படி கேளுங்கள். மூச்சிறைப்பைப் பற்றிப் பேச நிலம் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

"நாற்றம் தாங்க முடியவில்லை" என்று மட்டும் சொன்னால், அதிகாரி பகலில் வந்து பார்ப்பார். அப்போது நெடி இருக்காது. எழுதி வைத்த குறிப்பு வேறு மாதிரி பேசும். ஓர் எடுத்துக்காட்டு:

"செவ்வாய், இரவு 10.40 முதல் 12.15 வரை. எரிந்த ரப்பர் நெடி. கறுப்புப் புகை, ஓடைக்கு மேல் உள்ள கொட்டகைப் பக்கமிருந்து. காற்று இல்லை. மனைவிக்கு இருமல், இரண்டு முறை இன்ஹேலர் பயன்படுத்தினாள்."

நாள், நேரம், எந்த மாதிரி நெடி, எந்தத் திசை, உடம்புக்கு என்ன ஆனது: இந்த ஐந்தும் போதும். பேரப்பிள்ளைகளிடம் சொல்லி, பொது வழியில் நின்று கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். வேலியைத் தாண்டி உள்ளே போக வேண்டாம். பட்டறைக்காரரோடு சண்டையும் வேண்டாம். அங்கே வேலை செய்பவர்களும் அதே புகையைத்தான், இன்னும் அருகில் நின்று சுவாசிக்கிறார்கள்.

யாரிடம் சொல்வது?

- புகை, திறந்தவெளியில் எரித்தல், ஆற்றில் இரசாயனம்: சுற்றுச்சூழல் துறை, கட்டணமில்லாத் தொலைபேசி 1-800-88-2727
- அனுமதியில்லாக் கொட்டகை, உரிமம், அடைபட்ட சாக்கடை: மாவட்ட மன்றம், தானா ராத்தா
- விவசாய நிலத்தில் ஆலை: மாவட்ட, நில அலுவலகம்
- கொசு, எலி, உடல்நலக் குறைவு: மாவட்ட சுகாதார அலுவலகம்
- தீ, உயிர் ஆபத்து: 999

எங்கே சொன்னாலும் புகார் எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால், அதே எண்ணைச் சொல்லி மறுபடி கேளுங்கள். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டது; 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் தண்டனைகளை உயர்த்தி, பெருங்குற்றங்களுக்கு 10 மில்லியன் ரிங்கிட் வரை அபராதம் விதிக்க வழிசெய்தது.

'வேண்டாம்' என்பது மட்டுமே பதில் அல்ல

ஒரு பட்டறை சரியான இடத்தில், சரியான அனுமதியோடு வருகிறதென்றால், அதைத் தடுக்க முடியாமல் போகலாம். தடுக்கத் தேவையும் இருக்காது. நம் பிள்ளைகள் சிலருக்கு அங்கே வேலையும் கிடைக்கலாம். அப்போது நிபந்தனைகளைக் கேட்கலாம். மன்றம் அனுமதி கொடுக்கும்போது நிபந்தனை விதிக்க முடியும். இவற்றைக் கேளுங்கள்:

- இரவில் இயந்திரம் ஓடக் கூடாது. எதையும் எரிக்கக் கூடாது
- கழிவு கூரைக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் இருக்க வேண்டும்
- மழைநீரும் கழிவுநீரும் தனித்தனி வாய்க்காலில் போக வேண்டும்
- டயர், டப்பாக்களில் நீர் தேங்கக் கூடாது
- லாரிகள் பள்ளிவிடும் நேரத்தில் தோட்டத்துப் பாதையில் வரக் கூடாது

நம் பங்கும் உண்டு

பட்டறைக்காரரைக் கேள்வி கேட்கும் நாம், வீட்டுக்குப் பின்னால் குப்பையை எரித்தால் நம் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. நம் மாநிலத்தில் குப்பையைப் பிரித்துப் போடுவது 2015-ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து சட்டப்படி கட்டாயம். பேப்பர், பிளாஸ்டிக், கண்ணாடி, டின் ஆகியவற்றைத் தனியே வையுங்கள்.

பூச்சிமருந்து டப்பாவை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் தண்ணீருக்கோ மண்ணெண்ணெய்க்கோ பயன்படுத்தாதீர்கள். பேப்பர் வேன்காரரிடமும் கொடுக்காதீர்கள். அது ஆபத்தான கழிவு. காலியான டப்பாவை மூன்று முறை கழுவி, கழுவிய நீரை மருந்துத் தொட்டியிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுத் தோட்ட ஸ்டோரில் திருப்பிக் கொடுங்கள்.

பெரியோர்களே, இந்தச் சரிவுகளில் எந்தப் பள்ளத்தில் பனி தங்கும், எந்த ஓடை மழைக்குப் பொங்கும் என்பது வரைபடத்தைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பட்டறைக்கு எந்த இடம் பொருந்தும், எது பொருந்தாது என்று முடிவு செய்பவர்களுக்கு அந்த அறிவு தேவை. அதை எழுதிக் கொடுங்கள். எழுத முடியாவிட்டால், அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள்.